ஷெனெரோசா வந்துவிட்டாள்

நவம்பர் 2, 2009, திங்கள்

கல்லறைத் திருநாள். அம்மாவோடு போய்வந்தேன். அவளைப் பெற்றவர்களுக்கு வெள்ளைச் செவ்வந்தி, அத்தை ஷெனெரோசாவுக்கு மட்டும் மஞ்சள். வெள்ளை அத்தைக்குப் பிடிக்காதாம். செத்து இத்தனை காலமானவளுக்கு இன்னும் என்ன பிடித்ததும் பிடிக்காததும் என்று கேட்டேன். அம்மா முறைத்தாள்.

வழக்கம்போல ஒருத்தி கேட்டுவிட்டாள். இந்த வருஷம் ரோசேந்தா. "பல்பீனா, வீட்டுக்காரருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தலையா?"

அம்மா நீலக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஏன், செத்துட்டாரா? உனக்கு யாரு சொன்னா?" என்றாள்.

எங்கள் ஊர்க்காரர்களைக் கேள்வி கேட்டால் கேள்விதான் பதிலாக வரும். அதில் அம்மாவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

புருஷனைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இங்கே ஒரு பெயர் உண்டு: உயிரோடு இருப்பவனின் விதவை. பாதிப்பேர் சேதிக்குக் காத்திராமல் கறுப்பு உடுத்திக்கொண்டார்கள். அம்மா உடுத்தவில்லை. "சேதி வரட்டும், அன்னைக்குப் போட்டுக்கறேன்." கல்யாணமாகி ஏழாம் மாதம் எலாதியோ காஸ்த்ரோ, அதாவது என் அப்பா, புவெனஸ் ஐரஸுக்குக் கப்பலேறினார். நான் அப்போது அம்மாவின் வயிற்றில். முதலில் இரண்டு கடிதம் வந்தன. அப்புறம் ஒன்றுமில்லை. எனக்கு ஐம்பத்தொரு வயதாகிறது, இன்னும் ஒன்றுமில்லை.

மழை. யாத்திரிகர்கள் தேடிவரும் எங்கள் சந்தியாகோவில் நவம்பர் என்றால் வேறென்ன.

நவம்பர் 5

அடுத்த வாரம் ஒரே ஒரு ஆளுக்கு ஐந்து நாள் ஊர் காட்டும் வேலை. நடந்தே பார்க்கணுமாம், நடந்தே சாப்பிடணுமாம். நெஸ்தோர் காஸ்த்ரோ, புவெனஸ் ஐரஸ். இந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஒரு காஸ்த்ரோ தலையில்தான் விழும், ஆகவே பெயரில் ஒன்றுமில்லை. அம்மாவிடம் அவர் எந்த ஊர் என்று சொல்லவில்லை. சொன்னால் தூங்கமாட்டாள்.

நவம்பர் 9, திங்கள்

வந்தாயிற்று. நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரம், கொஞ்சம் கூன், நல்ல பல். மழையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற முதல் ஆளை என் தொழிலில் இன்றுதான் பார்த்தேன். மற்றவர்கள் என்னமோ நான் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி என்னை முறைப்பார்கள்.

"மேடம், இது எப்போ நிக்கும்?" என்றார் நெஸ்தோர்.

"மே மாசம் வரைக்கும் இருப்பீங்களா?" என்றேன். சிரித்தார்.

தோளில் ஒரு தோல்பை. குடையை அதற்குப் பிடிக்கிறார், தான் நனைகிறார். வில்லார் தெருவின் கல்மண்டபங்களுக்குள் ஒதுங்கி நடக்கும்போதுகூடச் சுவர்ப் பக்கம் பையை விட்டு வெளிப் பக்கம் அவர் வந்தார். நான் வழக்கமாக ஆட்களைக் கூட்டிப்போகும் மோஞ்சோவின் சாப்பாட்டுக் கடையில் பையை ஆணியில் மாட்டச் சொன்னேன். வேண்டாம் என்று நாற்காலியை இழுத்து அதில் உட்காரவைத்தார். மோஞ்சோ விடுவானா?

"பைக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா சார்?"

"வைக்கலாம், ஆனா பல்லு கிடையாது," என்றார் நெஸ்தோர். நானும் சிரித்தேன்.

ஆக்டோபஸ் மரத்தட்டில் வந்தது. எண்ணெய், கல்லுப்பு, மிளகாய்ப்பொடி. முள்கரண்டியைத் தேடாமல் பல்குச்சியை எடுத்தார். வெள்ளைக் கிண்ணத்தில் ஒயின் வந்ததும் அதன் கைப்பிடியைத் தொடாமல் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். யாரோ சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாலையில் கின்தானா சதுக்கம். நடுவே அகலமான படிக்கட்டு. கீழ்ப்பாதி பழைய இடுகாடு, அதனால் 'இறந்தவர்களின் கின்தானா'. மேல்பாதி 'இருப்பவர்களின் கின்தானா'. எங்கள் ஊர்க்காரனைப் படிக்கட்டில் பார்த்தால் ஏறுகிறானா இறங்குகிறானா என்று கண்டுபிடிக்க முடியாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும் கேலியைச் சொன்னேன். எல்லோரும் சிரிக்கும் இடம். இவர் சிரிக்கவில்லை. பையை அணைத்துக்கொண்டு நடுப்படியில் நின்றார்.

நல்ல மனுஷன். கொஞ்சம் விசித்திரம்.

நவம்பர் 10, செவ்வாய்

நிதானமாக எழுது, ஒத்தீலியா.

காலையில் சந்தை. கீரைக்காரிகள், பாலாடைக்கட்டி, ஒரு துண்டு மீன் அடை வாங்கி நின்றபடியே தின்றோம். மழை பலமாக இருந்தது. பதினொரு மணிவாக்கில் மோஞ்சோ கடைக்குப் போனபோது சன்னமாகிவிட்டது. சத்தம் போடாது, பார்த்தால் தெரியாது, ஆனால் உள்பாடி வரை நனைக்கும். நெஸ்தோர் கதவருகே நின்று வெளியே பார்த்தார். பார்த்து, சாவகாசமாகச் சொன்னார்:

"ஆ, ஷெனெரோசா வந்துட்டா."

மோஞ்சோ, "யாரு சார் அது, தோழியா?" என்றான்.

"மழைதான். இந்தத் தூறல். நீங்க எல்லாரும் அப்படித்தானே சொல்வீங்க?"

"தூறலுக்கு எங்ககிட்ட இருபது பெயர் இருக்கு. இதை நான் கேட்டதே இல்லையே. ஒத்தீலியா, நீ கேட்டிருக்கியா?"

நான் கேட்டிருக்கிறேன். பிறந்ததிலிருந்து கேட்கிறேன். உலகத்திலேயே ஒரே ஒரு வீட்டில் மட்டும் சொல்கிற வார்த்தை அது. அம்மாவின் அத்தை ஷெனெரோசா, அம்மாவின் கல்யாணத்துக்காக ஒரு வாரம் தங்க வந்தவள். போகவேயில்லை. குரலை உயர்த்தாமல், சண்டை போடாமல், நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் பேசியே ஆளை ஊறப்போட்டுவிடுவாளாம். புது மாப்பிள்ளை ஒருநாள் சன்னலைத் திறந்து தூறலைப் பார்த்துவிட்டு, "பல்பீனா, உங்க அத்தை வெளியிலயும் வந்துட்டா"ன்னு சொன்னாராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தூறலுக்கு அதுதான் பெயர்.

அந்த மாப்பிள்ளை யார் என்று எழுதவும் வேண்டுமா?

"இல்லை, நான் கேட்டதில்லை," என்றேன். "எங்கப்பா எப்பவும் அப்படித்தான் சொல்வார்," என்றார் நெஸ்தோர். கிண்ணம் கையிலிருந்து நழுவி உடைந்தது. மோஞ்சோ துடைத்துக்கொண்டே, "எங்கப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இவரு நிக்கறாரு பாரு," என்று கேலி செய்தான். நெஸ்தோருக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்பது வருஷமாக அது ஊர்ச்சொல் என்று நம்பியிருக்கிறார், பாவம்.

பாவமா? யார் பாவம்?

நல்ல பல். எனக்கும் நல்ல பல். அம்மாவுக்கு எல்லாம் கோணல்.

நவம்பர் 11, புதன்

புனித மார்ட்டின் நாள். செஸ்ட்நட் சுடும் புகை எல்லாத் தெருவிலும். மழையில் தகரக்கொட்டகைக்குக் கீழே சுடுகிறார்கள்.

ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்கவேண்டும். காகிதக் கூம்பிலிருந்து கொட்டையை உரித்துக்கொண்டே கேட்டேன், "உங்கப்பா இந்தப் பக்கத்துக்காரரா?"

"ஆமா. எந்தக் கிராமம்னு சொன்னதே இல்லை. கேட்டா 'எதுக்கு'ம்பார். பேரு எலாதியோ."

கொட்டை சூடு. வாயில் போட்டுக்கொண்டேன்.

"இன்னும் இருக்காரா?"

"மார்ச்ல போயிட்டார்."

போயிட்டார். என் அப்பா மார்ச்சில் போய்விட்டார். மார்ச்சில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஜெர்மன்காரர்களுக்குப் பேராலயக் கூரையைக் காட்டிக்கொண்டிருந்திருப்பேன். அம்மா கோட்டுக்குப் புது உள்துணி தைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. எப்படிப் பேசுவார், கோபக்காரரா, பாடுவாரா. கேட்டுக்கொண்டே போனேன். பொறுமையாகச் சொன்னார். பேக்கரி வைத்திருந்தாராம். மாவு கையோடேயே மகனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாராம், சட்டை முதுகில் வெள்ளைக் கைத்தடம் இருக்குமாம். பாடத் தெரியாதாம், ஆனால் பாடுவாராம்.

எனக்குப் பொறாமை. வேறு நல்ல பேர் வைக்கத் தெரியவில்லை. அவனுக்கு முதுகில் கைத்தடம் கிடைத்திருக்கிறது. எனக்கு ஒரு தூறலின் பெயர்.

"நீங்க வேற யாரையும் இப்படிக் கேக்க மாட்டீங்க போல," என்றார் நெஸ்தோர். பிறகு பையைத் தட்டினார். "நேர்லயே பாருங்க. இங்கதான் இருக்கார்."

சாம்பல்.

மூன்று நாளாக மோஞ்சோ கடையில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என் அப்பா. பைக்குத் தட்டு வைக்கட்டுமா என்றபோது நான் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை விமானமாம். அதற்குள் ஊரிலேயே நல்ல இடமாகப் பார்த்துத் தூவ வேண்டுமாம். "நீங்கதான் இடம் சொல்லணும்," என்கிறார்.

நான் வாயைத் திறக்காவிட்டால் வெள்ளிக்கிழமையோடு எல்லாம் முடிந்தது. தூவிவிட்டு அவர் போய்விடுவார், அம்மா அடுத்த நவம்பரிலும் நீலக் கோட்டில் நின்று "யாரு சொன்னா?" என்பாள், அந்தப் பதில் அவளைத் தாங்கிப் பிடித்திருக்கும். திறந்தால்? எழுபத்திநாலு வயதில் அவளைக் கறுப்பில் பார்ப்பேன். "செத்துட்டார்" என்பதோடு நிற்குமா, "உனக்குச் சொல்லாமல் இன்னொருத்தியோடு பேக்கரி வைத்துச் செத்தார்" என்பதையும் சேர்த்துத்தானே சொல்லவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னைக்கு எங்க சாப்பிட்டீங்க?" என்றாள். தினமும் கேட்பதுதான். "செஸ்ட்நட்" என்றேன். "அது சாப்பாடா? அந்த ஆளைக் கூட்டிட்டு வாடி, ஒரு வாய் சூடா சூப் குடிச்சிட்டுப் போகட்டும்."

நான் படுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12, வியாழன்

காலையில் எங்கே போனோம், என்ன தின்றோம், நினைவில்லை. பாதாம் கேக் என்று நினைக்கிறேன். பலமான மழை, காற்று என் குடையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. நான் நாலடி முன்னாலேயே நடந்தேன். அவரும் எதையோ புரிந்துகொண்டவர் போல விலகியே நடந்தார்.

கின்தானாப் படிக்கட்டில் நின்றார். "இங்கயே தூவிடலாம்னு இருக்கேன். நடுப்படியில. செத்தவங்களுக்கும் இருக்கறவங்களுக்கும் நடுவுல. நீங்க சொன்ன கேலி அவருக்குப் பொருத்தம், மேடம். ஏறுறாரா இறங்குறாரான்னு எங்கம்மாவுக்கே கடைசி வரைக்கும் தெரியல."

பையின் வாரை அவிழ்த்தார். தண்ணீர் படிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷத்தில் சாக்கடைக்குப் போய்விடும் எல்லாம். எங்கப்பா.

"இங்க வேணாம்."

"ஏன்?"

"நீங்க இன்னும் எங்க வீட்டுச் சூப் குடிக்கலையே?" என்றேன்.

ஆம், நானும் இந்த ஊர்க்காரிதான்.

வழி நெடுக மனசு அடித்துக்கொண்டது. அம்மாவிடம் முதலில் தனியாகச் சொல்வதா, அவரிடம் முதலில் சொல்வதா. சான் பெத்ரோ தெருவில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறும்வரை ஒன்றும் முடிவாகவில்லை. அம்மா கதவைத் திறந்து, "வாப்பா வா, நனைஞ்ச கோழி மாதிரி இருக்கியே. ஷூவைக் கழட்டு," என்று அவரை உள்ளே இழுத்தாள். நான் நாற்காலி நகர்த்துவதற்குள் பையை அவரே நாற்காலியில் வைத்துவிட்டார். மேசையில் நாலு பேர்.

அம்மா கீரையும் உருளையும் வெள்ளை அவரையும் போட்ட சூப்பை அகப்பையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். வெளியே மழை சட்டென்று அடங்கியது. நெஸ்தோர் சன்னலைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. "சூப் ஆறிடும்" என்று கத்தினேன். பிரயோசனமில்லை.

"ஷெனெரோசா வந்துட்டா," என்றார். "சரி சரி, இங்க யாரும் அப்படிச் சொல்றதில்லைனு மோஞ்சோ சொல்லிட்டார்."

அகப்பை பானைக்கு மேலேயே நின்றது. சூப் சொட்டியது.

"நாங்க சொல்லுவோம்," என்றாள் அம்மா.

என்னைப் பார்த்தாள். ஒரே பார்வை. மூன்று நாளாக நான் ஏன் சாப்பிடவில்லை என்று அந்தப் பார்வையிலேயே கணக்கு நேராகிவிட்டது அவளுக்கு. அகப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"உங்கப்பா பேரு எலாதியோவா?"

"ஆமா… உங்களுக்கு எப்படி—"

"எப்போ?"

"மார்ச்ல."

"நெஞ்சு வலியா?"

"இல்லைங்க. தூக்கத்துல. காலைல எழுப்பப் போனேன், எழுந்திருக்கல."

"அதுக்கும் சொல்லாமத்தான் போயிருக்கான்," என்றாள் அம்மா.

நெஸ்தோர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன்: ஷெனெரோசா என்பது அம்மாவின் அத்தை, அந்தப் பெயரை மழைக்கு வைத்தது அம்மாவின் புருஷன், அந்தப் புருஷன் கப்பலேறியபோது நான் வயிற்றில்.

அவர் முகம் எப்படி மாறியது என்று எழுதமாட்டேன். யாருக்கும் அப்படி ஆக வேண்டாம்.

"அவர் கல்யாணமே ஆகாமத்தான் வந்தேன்னு…" என்றார். "எங்கம்மாகிட்ட அப்படித்தான்…"

"என் அத்தையை மறக்கலை பாரு," அம்மா என்னிடம் சொன்னாள், அவர் அங்கே இல்லாதது போல. "தினம் மழைக்கு மழை அவ பேரைச் சொல்லியிருக்கான். அவளைத்தான் ஞாபகம் வச்சிருந்திருக்கான்."

அம்மா அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

நெஸ்தோர் எழுந்துவிட்டார். "அப்போ எங்கம்மா யாரு? முப்பத்தஞ்சு வருஷம் அவருக்குச் சமைச்சுப் போட்டாளே, அவ யாரு? நான் யாரு?" பதிலுக்கு நிற்கவில்லை. ஈர ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். குடையை எடுக்கவில்லை.

பையையும் எடுக்கவில்லை.

நவம்பர் 13, வெள்ளி

காலையில் சமையலறைக்குப் போனால், பைக்கு முன்னால் ஒரு கிண்ணம் சூப். ஆவி பறக்கிறது. அம்மா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து அவளே குடித்தாள்.

"அவனுக்கு வேணாமாம்," என்றாள்.

பெட்டியின் அடியிலிருந்து ஒரு கறுப்புக் கவுன் எடுத்து உடுத்தியிருந்தாள். அளவாக இருந்தது. எப்போது தைத்து வைத்தாள்? கேட்டால் கேள்விதான் திரும்பி வரும்.

நெஸ்தோர் தங்கியிருந்த இடத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். வெளியே போயிருக்கிறார் என்றார்கள். விமானத்தைப் பிடிக்கப் போய்விட்டானோ? இந்தப் பையை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய? என்ன செய்ய? அப்பனும் ஒருநாள் கப்பலேறினான், இவனும் போயிட்டான், இந்தக் குடும்பத்து ஆம்பளைங்களுக்கு இதுதான் தெரியும்னு வாய்விட்டே சொல்லிட்டேன்.

"வருவான்," என்றாள் அம்மா. "குடை இங்க இருக்குல்ல?"

பத்து மணிக்கு வந்தான். தொப்பலாக. கதவைத் திறந்ததும் உள்ளே வராமல் நின்றான். "அந்தப் படிக்கட்டுல ஏறி இறங்கிக்கிட்டே இருந்தேன்," என்றான். பிறகு அம்மாவைப் பார்த்து, அவளுடைய கறுப்பைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டான். "எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. சத்தியமா."

"அவ நல்லா இருக்காளா?"

"செத்துப் பத்து வருஷமாச்சு."

"பேரு?"

"இர்மா."

"அவளும் நானும் ஒரே கடையிலதான் ஏமாந்திருக்கோம்," என்றாள் அம்மா. "அவளுக்கும் ஒரு மெழுகுவத்தி வாங்கிக்கோ ஒத்தீலியா. வா தம்பி, தலையைத் துவட்டு."

அவன் துண்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. நான் முதுகில் கையை வைத்தேன். வைக்கலாமா என்று யோசிக்கவில்லை, வைத்துவிட்டேன்.

சாம்பலை எங்கே விடுவது என்று கேட்டான். படிக்கட்டு வேண்டாம் என்பதில் அம்மா தெளிவாக இருந்தாள். "நடுவுல நின்னது போதும் அவன்." தன் குடும்பக் கல்லறையிலும் தன் பக்கத்தில் வேண்டாமாம். "எங்க அத்தைகிட்ட விடுங்க. வந்தா போகாதவளுக்கும் போனா வராதவனுக்கும் பொருத்தமா இருக்கும். பேசிப் பேசியே அவ பாத்துக்குவா."

நெஸ்தோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். துக்க வீட்டில் சிரிக்கிறோமே என்று மூன்று பேரும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

மத்தியானம் கல்லறைத் தோட்டம். மஞ்சள் செவ்வந்தி இன்னும் வாடவில்லை. ஈர மண்ணைக் கையால் தோண்டினான். நான் அந்தச் சாம்பலை ஒரு பிடி கையில் எடுத்தேன். என் அப்பாவைத் தொட்டது அவ்வளவுதான். மாவு போலத்தான் இருந்தது.

இரண்டு மெழுகுவத்தி. மழையில் சுடர் நிற்கவில்லை. அம்மா குடையைத் தாழ்த்திப் பிடித்து, நிற்கும்வரை விடவில்லை.

மாலையில் விமான நிலையத்தில் அவன், "வரேன் மேடம்" என்று ஆரம்பித்து நிறுத்தினான். "வரேன் அக்கா."

"எப்போ?" என்றேன். இந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால்தான் இத்தனையும்.

டிசம்பர் 24

நெஸ்தோர் போனில் பேசினான். அங்கே கொளுத்துகிறதாம். அம்மா கறுப்பிலேயே விருந்து சமைத்தாள். உப்பு கரித்தது. யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 3

கறுப்பு அவளுக்குப் பொருந்தவேயில்லை. கிழவியாகத் தெரிகிறாள். எனக்கு அப்பாமேல் இன்னும் கோபம். தணியும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எப்போது என்று சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

ஜூன் 12, 2010, சனி

புனித ஆண்டு என்பதால் ஊர் கொள்ளாத கூட்டம். இன்று எனக்கு வேலையில்லை. காலையில் எழுந்து வந்தால் அம்மா நீலக் கோட்டில் நிற்கிறாள். கறுப்புக் கவுன் துவைத்துக் கொடியில்.

போன் வந்தது. புவெனஸ் ஐரஸில் குளிர்காலம், மழையாம். அக்டோபரில் வருகிறான், டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மா போனைப் பிடுங்கி, "பலமாவா பெய்யுது, இல்ல அத்தையா?" என்று கேட்டாள். அவன் என்ன சொன்னானோ, சிரித்துக்கொண்டே வைத்தாள்.

வெளியேயும் அத்தைதான். அம்மாவுக்கு ஆக்டோபஸ் தின்ன ஆசை. மோஞ்சோ கடைக்கு ஒரே குடையில் நடந்தோம். கின்தானாவின் கீழ்ப்படியில் ரோசேந்தா எதிர்ப்பட்டாள். அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன பல்பீனா, கறுப்பு அதுக்குள்ள முடிஞ்சுதா? ஆயுசுக்கும்னு இல்ல நினைச்சேன்."

முதல்முறையாக அம்மா கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை.

"எனக்கு அவன் ஏழு மாசம் புருஷனா இருந்தான்," என்றாள். "நானும் ஏழு மாசம் விதவையா இருந்துட்டேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். படிகள் வழுக்கின. மெதுவாக மேலே ஏறினோம்.